தஞ்சைக் கலைக்கூடத்தில் ஒரு வார்ப்பு வகுப்பு

(இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுதியது)



மலர்க் குழுவினர் என்னிடம் வந்து "உனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாடத்தை நம் பையன்களுக்குப் புரியும்படி எழுதிக் கொடு" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. போன பருவத்தில் உற்பத்தித் தொழில்நுட்பத் தாளில் அரியர் வைத்தவன் நான். அதிலும் கவிழ்த்துவிட்டது எது என்று கேட்டால், வார்ப்புப் பாடம். அந்த வார்ப்புப் பாடத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன். வகுப்பில் புரியாதது எனக்குத் தஞ்சாவூர் அரண்மனையில் புரிந்தது. புரிய வைத்தவர் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த என் வாப்பா.

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். செய்முறைத் தேர்வுக்கு முன்னால் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து அலுமினியத்தில் ஒரு ஸ்டெப் கோன் புல்லி வார்த்தோம். பெட்டியைப் பிரித்து மண்ணைத் தட்டினால், புல்லியின் பக்கவாட்டில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை! மண்ணுக்குத் தண்ணீர் தெளித்தவன் நான்தான். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும் என்று சொன்னார்களே என்று இன்னும் இரண்டு கை அதிகமாகவே தெளித்துவிட்டேன். ரெக்கார்டு நோட்டில் 'ப்ளோ ஹோல்' என்று அழகாக எழுதிப் படமும் போட்டேன். ஆனால் வாய்மொழித் தேர்வில் "ஏன் வந்தது?" என்று கேட்டபோது "மாய்ஸ்ச்சர் சார்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. மனப்பாடம் செய்தவனுக்கு அடுத்த கேள்வி என்பது எப்போதும் ஆபத்துதான்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். வாப்பாவுக்கு ஈயம் பூசுகிற வேலை. அதிராம்பட்டினத்தில் கல்யாண வீடுகளுக்குப் போகிற பெரிய செம்புத் தேக்சா, சகன், அண்டா எல்லாம் ஒரு காலத்தில் வாப்பாவின் கைக்கு வராமல் அடுப்பேறாது. இப்போது எவர்சில்வரும் அலுமினியமும் வந்து அந்த வேலை பாதிக்கு மேல் போய்விட்டது. உண்மையைச் சொல்வதென்றால், முதலாம் ஆண்டில் யாராவது "உங்க வாப்பா என்ன பண்றாங்க?" என்று கேட்டால் "வியாபாரம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அரியர் வந்த மாதத்தில் ஒருநாள், வெள்ளீயமும் நவச்சாரமும் வாங்க வாப்பா தஞ்சாவூர் புறப்பட்டார். சுமை தூக்க என்னையும் கூப்பிட்டார். பட்டுக்கோட்டை போய், அங்கிருந்து ஒரத்தநாடு வழியாகத் தஞ்சாவூர். வாங்க வேண்டியதை வாங்கி முடித்தபோது வெயில் ஏறிவிட்டது. ஊருக்குப் பஸ் ஏற நேரம் இருந்தது. "அரண்மனையில செம்புச் சிலையெல்லாம் வெச்சிருக்காங்களாமே, பாத்துட்டுப் போவமா?" என்று கேட்டது வாப்பாதான். நம் கல்லூரியில் அருங்காட்சியகம் எல்லாம் கிடையாது. ஆனால் பஸ் ஏறினால் எட்டிவிடக்கூடிய தூரத்தில் உலகம் முழுக்கப் பேசப்படுகிற ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒருமுறை உள்ளே ஓடி வெளியே வந்ததைத் தவிர நான் அதைப் பார்த்தவனில்லை.

நாயக்கர்களும் அவர்களுக்குப் பின் மராத்தியர்களும் இருந்த அரண்மனைக்குள் இந்தக் கலைக்கூடம் இருக்கிறது. 1951இல் அப்போதைய மாவட்ட ஆட்சியர் டி.கே. பழனியப்பன் அவர்களின் முயற்சியால் தொடங்கப்பட்டது. இங்கே உள்ள செப்புத் திருமேனிகளில் பல, வயலிலும் கோயில் நிலத்திலும் தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டவை. படையெடுப்புக் காலங்களில் கோயிலார் பயந்து புதைத்து வைத்தவை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் ஆட்சியருக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். அந்தப் பத்து ரூபாய்ச் சட்டம் இல்லாவிட்டால் இவற்றில் எத்தனை உருகிக் குடமாகியிருக்குமோ!

தாராசுரத்திலிருந்து வந்த யானை உரித்த சிவன், பிட்சாடனர் போன்ற கற்சிலைகளும் இங்கே உண்டு. அவற்றைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. அரண்மனையில் ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடுகூட இருக்கிறது. கடற்கரை ஊர்க்காரனான எனக்கு அதன்மேல் ஆசைதான், ஆனால் அது நம் பாடத்தில் இல்லை. நேராகச் செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்துக்கு வாருங்கள்.

திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் என்ற சிவன் சிலை அங்கே நிற்கிறது. ஏறத்தாழ மூன்றரை அடி உயரம். ராஜராஜ சோழனின் கடைசிக் காலத்தில், 1011இல் செய்தது. கோயில் கல்வெட்டை வைத்து இந்த ஆண்டைச் சொல்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் தேவி அதற்கு அடுத்த ஆண்டு, 1012. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு வார்ப்புக்கு ஆண்டு சொல்ல முடிகிறது. நாங்கள் வார்த்த புல்லிக்குத் தேதி போட மறந்துவிட்டோம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்தச் சிலையில் காளை இல்லை. தலைமுடியைத் தலைப்பாகை மாதிரி சுற்றிக் கட்டி, ஒரு காலை மற்றதன் குறுக்கே வைத்து, ஒரு கையைக் காளையின் முதுகில் ஊன்றியதுபோல் மடக்கி நிற்கிறார். ஊன்றிய கைக்குக் கீழே வெறும் காற்றுதான். வாப்பா சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எதுல சாஞ்சிருக்காரு இவரு? ஒண்ணும் இல்லாமலே விழாம நிக்கிறாரே" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. நான் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தேன்.

"இது வார்த்ததா, தட்டினதா?"

"வார்த்தது வாப்பா."

"அப்போ விரலைப் பாரு. நுனி வரைக்கும் ஓடியிருக்கு. வெறும் செம்பு இப்படி ஓடாது மவனே. பாதி வழியில உறைஞ்சு போயிரும். ஈயம் போட்டிருப்பான்."

நண்பர்களே, நம் பாடப் புத்தகத்தில் 'ஃப்ளூயிடிட்டி' என்று ஒரு சொல் வருகிறதே, அதுதான் இது. சுத்தச் செம்பு உருக ஏறத்தாழ 1085 டிகிரி சென்டிகிரேடு வேண்டும். உருகினாலும் கூழ்போலத்தான் நகரும். வாயுவையும் இழுத்துக்கொள்ளும். அதில் நூற்றுக்குப் பத்து வெள்ளீயம் சேர்த்தால் உறையத் தொடங்கும் வெப்பநிலை 1000 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே அதே சூட்டில் ஊற்றினாலும் உறைவதற்கு முன் விரல் நுனி வரை போக அவகாசம் கிடைக்கிறது. இல்லாவிட்டால் விரல் மொட்டையாக நின்றுவிடும். அதற்குத்தான் 'மிஸ் ரன்' என்று பெயர். காரீயம் வேறு விதம். அது செம்போடு கரைந்து ஒன்றாவதில்லை, சின்னச் சின்னத் துளிகளாகத் தனித்து நிற்கும். அதனால் ஓட்டமும் கூடும், பிறகு உளி வைத்துச் செதுக்கவும் இளக்கமாக இருக்கும். பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர் சாரதா சீனிவாசன் தென்னிந்தியச் சிலைகளிலிருந்து துளியளவு உலோகம் எடுத்து ஆராய்ந்திருக்கிறார். பெரும்பகுதி செம்பு, அதோடு அளவாக வெள்ளீயமும் காரீயமும் என்பதுதான் சோழர் காலத்துக் கலவை. வாப்பா இதை ஒரு விரலைப் பார்த்துச் சொன்னார். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும் என்று எனக்குத் தெரியும். அது தேக்சாவுக்குள் எப்படி ஓடும், எந்த இடத்தில் தயங்கி நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

எனக்கு வந்த அடுத்த சந்தேகம் பேட்டர்ன் பற்றியது. மண் வார்ப்பில் மரப் பேட்டர்னைப் பெட்டிக்குள் வைத்து மண் இடித்து, பிறகு அதை வெளியே எடுக்கிறோம். எடுக்கும்போது மண் உடையக் கூடாது என்றுதான் பக்கங்களைக் கொஞ்சம் சரிவாக வைக்கிறோம். அதற்குப் பெயர் டிராஃப்ட். மேல் பெட்டியும் கீழ்ப் பெட்டியும் சேருகிற இடத்தில் வார்ப்பில் ஒரு கோடு விழும். அதை அரம் போட்டு எடுக்கிறோம். சரி, இந்தச் சிலையில் கழுத்து மாலைக்கு அடியில் இடைவெளி, முடிக் கற்றைக்குள் பாம்பு, உடம்பை விட்டு விலகிய கை. எந்தப் பக்கம் பேட்டர்னை இழுப்பது? எங்கே அந்தக் கோடு? கண்ணை வைத்துத் தேடினேன். இல்லை. ஏனென்றால் பேட்டர்னை யாரும் வெளியே எடுக்கவே இல்லை. அது தானே உருகி வெளியே போய்விட்டது.

இதுதான் மெழுகு வார்ப்பு. தேர்வில் 'இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்' என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு வரும். விமான எஞ்சினின் டர்பைன் பிளேடுகளை இன்றும் இந்த வழியில்தான் வார்க்கிறார்கள்.

புத்தகத்தில் படித்தது போதாது என்று அடுத்த மாதம் கும்பகோணம் பக்கத்திலுள்ள சுவாமிமலைக்குத் தனியாகப் போனேன். அங்கே இன்றும் ஸ்தபதிகள் இதே முறையில் சிலை வார்க்கிறார்கள். 2008இல் சுவாமிமலைச் சிலைகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு பட்டறையில் நின்று பார்க்க அனுமதித்தார்கள். பாலிடெக்னிக் பையன் என்று சொன்னதும் உட்கார ஒரு பலகையும் கொடுத்தார்கள்.

முதலில் அளவு. ஸ்கேல் இல்லை, தென்னை ஓலை! ஓலையை நறுக்கி, சிலை எத்தனை உயரமோ அத்தனை நீளத்துக்கு எடுத்து, அதை மடித்து மடித்து அளவு குறிக்கிறார்கள். இதை ஒடியோலை என்கிறார்கள். முகத்தின் நீளம் ஒரு தாளம். முக்கியமான தெய்வங்களுக்கு உத்தம தச தாளம் என்று மொத்த உயரத்தையும் 124 பங்காகப் பிரிப்பார்கள். முகத்துக்கு எத்தனை, மூக்குக்கு எத்தனை, முழங்காலுக்கு எத்தனை என்று எல்லாம் பங்குக் கணக்கு. ஆகவே அரை அடிச் சிலைக்கும் ஆறடிச் சிலைக்கும் ஒரே கணக்குத்தான், ஓலைதான் வேறு. இன்ஜினியரிங் டிராயிங் வகுப்பில் ஸ்கேல் என்றால் தலைவலி வரும் நண்பர்கள் இதை ஒருமுறை செய்து பாருங்கள். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரனுக்குத் தென்னை ஓலைக்கா பஞ்சம்?

பிறகு தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் மூன்றையும் காய்ச்சிக் கலந்து, அந்த மெழுகில் உருவத்தைச் செய்கிறார்கள். கை, கால், தலை தனித்தனியாகச் செய்து சூட்டுக் கத்தியால் ஒட்டுகிறார்கள். உலோகம் உள்ளே போக ஒரு வழி, காற்று வெளியே வர ஒரு வழி. அந்தக் குழாய்களையும் மெழுகிலேயே ஒட்டிவிடுகிறார்கள். நம் ரன்னரும் ரைசரும் இவையேதான். இந்த மெழுகு உருவத்தின்மேல் முதல் பூச்சு காவிரி வண்டல் மண். மாவுபோல நைசாக இருக்கும், உமிக்கரியும் சேர்ப்பார்கள். மெழுகில் நகக்கோடு இருந்தால் அதைக்கூட அந்த மண் பிடித்துக்கொள்ளும். அது நிழலில் காய்ந்ததும் வயல் களிமண், அதற்குமேல் மணல் கலந்த முரட்டு மண். பெரிய அச்சு என்றால் இரும்புக் கம்பியால் கட்டுகிறார்கள். இந்த வேலை காவிரிக் கரையிலேயே ஊன்றியதற்கு அந்த வண்டலும் ஒரு காரணம் என்று அங்கே சொன்னார்கள். நம் ஊர்ப்பக்கத்து உப்பு மண்ணில் இதைச் செய்ய முடியாது என்று எனக்கே தோன்றியது.

இனி நான் கோட்டை விட்ட இடம். காய்ந்த அச்சை வறட்டித் தீயில் வைத்துச் சுடுகிறார்கள். 65 டிகிரிக்குள்ளேயே மெழுகு உருகி ஓடி வெளியே வந்துவிடுகிறது. ஆனால் அதோடு நிறுத்துவதில்லை, அச்சு நன்றாகச் சுடும்வரை வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். "ஈரம் ஒரு சொட்டு இருந்தாலும் உள்ளே இருந்து சீறும் தம்பி" என்றார் அங்கிருந்த பெரியவர். என் மண்டையில் அப்போதுதான் விளக்கு எரிந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1700 லிட்டர் இடத்தை அடைக்கும். உருகிய உலோகம் ஈர மண்ணைத் தொட்ட நொடியில் இது நடக்கிறது. மண்ணின் துளைகள் வழியாக அவ்வளவு ஆவியும் வெளியேற முடியாவிட்டால் அது உலோகத்துக்குள்ளேயே புகுந்து குமிழாகி நிற்கும். சுற்றி உலோகம் உறைந்துவிடும். அதுதான் என் சுண்டுவிரல் ஓட்டை. நம் பச்சை மண் அச்சில் ஈரம் இல்லாமல் ஒட்டாது. அதனால்தான் ஈரம் அளவோடு, வென்ட் கம்பி குத்துவது தவறாமல் என்கிறார்கள். நான் இரண்டையும் தனித்தனி விதியாக மனப்பாடம் செய்திருந்தேன். இரண்டும் ஒரே விஷயம்.

ஒரு கணக்கையும் சொல்கிறேன், தேர்வுக்கு உதவும். எவ்வளவு உலோகம் உருக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? மண் பூசுவதற்கு முன் மெழுகு உருவத்தை எடை போட்டுவிடுகிறார்கள். ஒரு கிலோ மெழுகுக்கு எட்டிலிருந்து பத்து கிலோ உலோகம் என்பது பட்டறைக் கணக்கு. நாம் அடர்த்தியை வைத்துப் பார்ப்போம். தேன்மெழுகு 0.96, வெண்கலம் சுமார் 8.8. வகுத்தால் 9.2 வருகிறது. கொள்ளளவு ஒன்றுதானே, எடை மட்டும் மாறுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் எழுதிய மானசோல்லாசம் என்ற வடமொழி நூலிலேயே மெழுகை எடை போட்டு உலோகத்தைக் கணக்கிடும் இந்த முறை இருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம். நம் மரப் பேட்டர்னை வைத்து நூறு புல்லி வார்க்கலாம். அங்கே மெழுகும் போய்விடும், அச்சையும் உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். தப்பினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

மறுபடி தஞ்சாவூருக்கு வருகிறேன். அங்கே வாப்பாவுக்கு ஒரு விஷயத்தில் மட்டும் மனம் ஒப்பவே இல்லை. "களிம்பு புடிச்சுக் கெடக்கே, புளி போட்டுத் தேச்சா தங்கமாட்டம் ஆயிருமே, ஏன் இப்படிப் போட்டு வெச்சிருக்காங்க?" என்றார். அவர் தொழிலே களிம்புக்கு எதிரானது. ஈயப் பூச்சு போன செம்புப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறி வயிற்றைக் கெடுக்கும் என்று வீடு வீடாகச் சொல்பவர் அவர்.

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டு அவரிடம் சொன்னேன். மண்ணுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்த செம்பின்மேல் படிகிற கெட்டியான பச்சைப் படலம் உள்ளே இருக்கும் உலோகத்துக்கு ஒரு போர்வை. அதை உரித்தால் உலோகமும் கொஞ்சம் போகும், செதுக்கிய நுணுக்கமும் போகும். ஆனால் வெளிர்பச்சையாக மாவுபோல உதிர்ந்தால் அது வேறு. மண்ணிலிருந்தோ காற்றிலிருந்தோ வந்த உப்பின் குளோரைடு, ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதை உடனே கவனிக்க வேண்டும். கடற்கரை ஊரில் சைக்கிள் வைத்திருக்கும் நமக்கு உப்புக் காற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

ஒட்டியிருக்கும் மண்ணுக்கும் ஒரு வேலை உண்டு என்பதற்குப் பத்தூர் நடராஜர் கதையைக் கேளுங்கள். அப்போதைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், இடிந்து கிடந்த விசுவநாதசுவாமி கோயில் பக்கத்தில் 1976இல் மண் தோண்டிய ஒரு தொழிலாளியின் கையில் அந்தச் சிலை கிடைத்தது. கைமாறிக் கைமாறி லண்டன் போய், 1982இல் ஒரு கனடா நாட்டு நிறுவனம் வாங்கியது. பராமரிப்புக்காகப் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தபோது போலீசார் கைப்பற்றினார்கள். லண்டன் கோர்ட்டில் வழக்கு. அந்தக் கோயிலும் ஒரு வாதி! நம் பக்கத்தில் தொல்லியல் அறிஞர் நாகசாமி அவர்கள் சாட்சி சொன்னார். அதே இடத்தில் பிறகு கிடைத்த மற்றச் சிலைகளோடு இதன் உலோகத்தையும் மண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1988இல் தீர்ப்பு நம் பக்கம் வந்தது. மேல்முறையீடும் தோற்று, 1991இல் நடராஜர் திரும்பி வந்தார். "புளி போட்டுத் தேச்சிருந்தா?" என்று வாப்பாவிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாத்திரம் வேற, இது வேறதான்" என்று ஒப்புக்கொண்டார். அவர் தொழில் விஷயத்தில் என்னிடம் ஒன்றை ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை.

நீங்கள் போகும்போது சில இடங்களைக் குறித்துப் பாருங்கள். முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். சிலையின் பின்பக்கம் போக முடிந்தால் போங்கள், முடியின் சுருள் அங்கேயும் முழுசாக இருக்கும். பீடத்தில் துளைகளும் வளையங்களும் இருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். திருவிழாவில் கம்பு செருகிக் கட்டித் தூக்குவதற்கு அவை. அதாவது தோளில் ஏறித் தெருவில் குலுங்கிப் போக வேண்டிய பாரம் இது. பெரும்பாலும் உள்ளே கூடில்லாத கெட்டி வார்ப்பு. அதே திருவெண்காட்டுப் பிட்சாடனர், கல்யாணசுந்தரர் சிலைகளும் இங்கேதான் இருக்கின்றன. எது எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே கனத்திருக்கிறது, உலோகம் எந்த வழியாக வந்து கடைசியில் எங்கே உறைந்திருக்கும் என்று உங்களுக்குள் ஒரு படம் போட்டுப் பாருங்கள். எனக்கு ஒரு சிலைக்கே அரை மணி நேரம் ஆனது. காவலர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அரியர் தாளை இந்தப் பருவத்தில் எழுதி முடித்துவிட்டேன். முடிவு இன்னும் வரவில்லை. அதற்குள் நாங்கள் நால்வரும் பயிற்சியாளரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி அதே புல்லியை மறுபடி வார்த்தோம். வாப்பாவும் அன்று வந்திருந்தார். வாசலிலேயே நின்றவரைப் பயிற்சியாளர்தான் உள்ளே கூப்பிட்டார். மண்ணை ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அமுக்கிப் பார்த்தார் வாப்பா. "இன்னும் கொஞ்சம் காயட்டும்" என்றார். காத்திருந்தோம். அடிப்படியில் மட்டும் மிளகளவு ஒரு குழி விழுந்தது, மற்றபடி சுத்தம். தேதி போட்டு, பவுண்டரி ஷாப் ஜன்னல் பலகையில் வைத்திருக்கிறோம். பக்கத்திலேயே பழைய ஓட்டைப் புல்லியும் இருக்கிறது. இரண்டையும் எடுத்துப் பார்க்கலாம், பூட்டு எதுவும் கிடையாது.